ஊர் சிம், பயண சிம்: வெளிநாட்டில் டேட்டா, நாள் வாரியாக

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது

டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அடித்தால் திரையில் சில எண்கள் வரும். 15 இலக்கத்தில் இருப்பது ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண். அதோடு 32 இலக்கத்தில் இஐடி என்று இன்னொன்றும் வந்தால் போனில் இ-சிம், அதாவது தட்டில் போடாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் சிம், உண்டு. மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, போன் எந்த நாட்டில் விற்கப்பட்டது என்பதும் கணக்கு. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14-ஆம் மாடலிலிருந்து சிம் தட்டே கிடையாது. சீனாவில் விற்ற ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் தட்டில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம், இ-சிம் கிடையாது. முதல் வகைப் போனோடு போய் பிளாஸ்டிக் சிம் மட்டும் விற்கும் கவுன்டரில் நின்றாலும், இரண்டாம் வகைப் போனோடு இ-சிம் வாங்கி வைத்தாலும் காசுதான் வீண்.

அடுத்து லாக். தவணையில் வாங்கிய போன் விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். அதற்கு எதிரே ‘நோ சிம் ரிஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. லாக்கை எடுக்கச் சொல்லி விண்ணப்பித்தால் சில நாள் இழுக்கும், அதனால்தான் ஒரு வாரம்.

இனி ஊர் சிம். இந்தக் குறிப்புகளில் ஊர் சிம் என்றால் வழக்கமான நம்பர், பயண சிம் என்றால் டேட்டாவுக்காக வாங்கியது. ஊர் சிம்முக்கு வெளிநாட்டில் வேலை இவ்வளவுதான்: ஓடிபி வாங்குவது, அவசரம் என்றால் அழைப்பது. டேட்டா பக்கமே அது தலைகாட்டக் கூடாது. பயண சிம்முக்கு டேட்டா மட்டும். வெளிநாட்டில் வரும் டேட்டா தொல்லைகளில் பாதி, இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று கலந்துபோவதால் வருவதே.

ஓடிபி வர வேண்டுமென்றால் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங், அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் இயங்கும் சேவை, திறந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் அதை மூடியே வைத்திருக்கும். ஊரில் இருக்கும்போதே ஆப்பிலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். இது நிறுவனத்தின் பக்கம் உள்ள கதவு. போனில் இருக்கும் ‘டேட்டா ரோமிங்’ சுவிட்ச் வேறு, அது நம் பக்கம் உள்ள கதவு. முதலாவது திறந்திருக்க வேண்டும், இரண்டாவது மூடியிருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து இரண்டையும் மூடிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் வங்கி ஓடிபி வராமல் போகிறது.

வாய்ஸ்மெயில், அதாவது எடுக்காத அழைப்புக்குக் குரல் செய்தி பதியும் வசதி, இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் போனுக்கு அழைப்பு வருகிறது, எடுக்கவில்லை. அழைப்பு மறுபடி ஊருக்குத் திரும்பி வாய்ஸ்மெயிலில் விழுகிறது. போனதற்கு ஒரு கட்டணம், திரும்பியதற்கு ஒரு கட்டணம் என்று பில் வரலாம், ஒரு வார்த்தை பேசாமலே. ##002# அடித்து அழைத்தால் எல்லா அழைப்புத் திருப்பலும் ரத்தாகும். விமானம் ஏறுமுன் செய்துவிடுவது நல்லது.

எதை வாங்குவது? இரண்டு மூன்று நாள் வேலையாகப் போய் வருவதென்றால் ஊர் நிறுவனத்தின் ரோமிங் பேக் போதும், விலை கூடினாலும் தலைவலி இல்லை. நாலைந்து நாடு சுற்றுவதென்றால் பயண இ-சிம். ஒரே நாட்டில் மூன்று வாரம் இருப்பதென்றால் அந்த நாட்டு சிம்தான் சரி. பாஸ்போர்ட் காட்டிப் பதிய வேண்டியிருக்கும், ஆனால் உள்ளூர் நம்பர் ஒன்று கிடைக்கும். அதன் அருமை ஏழாம் நாள் தெரியும். மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சில நாடுகளில் சிம்மோடு போனையும் பதிய வேண்டும். துருக்கியில் வெளிநாட்டுப் போனில் உள்ளூர் சிம் 120 நாள் ஓடும், அதற்குள் ஐஎம்இஐ-யைப் பதியாவிட்டால் போன் முடக்கப்படும்.

இ-சிம்மை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும். இறக்குவதற்கே இணையம் தேவை என்பதை மறந்து விமான நிலையத்தில் வைஃபை தேடி அலைபவர்கள் அதிகம். க்யூஆர் படம் அதே போனுக்கு மெயிலில் வந்தால் அந்தப் போனின் கேமராவால் அதை எப்படிப் படிப்பது? ஐஓஎஸ் 17.4-க்கு மேல் என்றால் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இ-சிம் சேர்க்கவா என்று கேட்கும். மற்றவற்றில் படத்தை இன்னொரு திரையில் திறந்து காட்டலாம், அல்லது மெயிலில் க்யூஆருக்குக் கீழே எழுத்தில் கொடுத்திருக்கும் சர்வர் முகவரியையும் ஆக்டிவேஷன் கோடையும் கையால் அடிக்கலாம். ஒரு க்யூஆர் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் செல்லும். ‘வேலை செய்யவில்லை, அழித்துவிட்டு மறுபடி போடலாம்’ என்று அழித்தால் போனது போனதுதான்.

இறக்கியதும் அதற்கு ‘பயணம்’ என்று பெயர் வையுங்கள். ‘செகண்டரி’, ‘பிசினஸ்’ என்று போன் வைக்கும் பெயர்களோடு நள்ளிரவில் இறங்கினால் எது எதென்று குழம்பும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும்: நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது? இறக்கியவுடனா, வெளிநாட்டு நெட்வொர்க்கை முதலில் தொட்டவுடனா? முதல் வகை என்றால் இறக்குவதைக் கிளம்பும் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

கிளம்பும் நாள்

வாசலைத் தாண்டுமுன் செட்டிங்ஸில் நான்கு இடங்கள். டேட்டாவுக்கான சிம்: பயணம். பயண சிம்மில் டேட்டா ரோமிங்: ஆன். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்: ஆஃப். நான்காவதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள்: ஐபோனில் ‘அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’, ஆண்ட்ராய்டில் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்’ போன்ற பெயர். இது ஆனில் இருந்தால், பயண சிம் சிக்னல் தடுமாறும்போது போன் தன் பாட்டுக்கு ஊர் சிம்முக்குத் தாவப் பார்க்கும். ஆஃப் செய்துவிடுங்கள்.

பயண சிம்மில் ரோமிங்கை ஏன் ஆன் செய்ய வேண்டும்? ‘ரோமிங்கைத் தொடாதே’ என்றுதானே எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். பயண இ-சிம் பெரும்பாலும் மூன்றாவது ஒரு நாட்டு நிறுவனத்தின் சிம். அதற்குப் போகும் இடமெல்லாம் அயலூர்தான். ரோமிங் ஆஃபில் இருந்தால் சிக்னல் கம்பிகள் நிறைந்து நிற்கும், ஒரு பைட் கூட ஓடாது. காசு முன்பே கட்டிவிட்டதால் இதில் பில் பயம் இல்லை.

விமானத்துக்குள் ஏர்பிளேன் மோடு பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பர்ஸுக்கும்தான். சில விமானங்களிலும் பெரும்பாலான சொகுசுக் கப்பல்களிலும் செயற்கைக்கோள் வழியாக ஓடும் தனிச் செல் நெட்வொர்க் உண்டு. ரோமிங் பேக் எந்த நாட்டுக்கு வாங்கியிருந்தாலும், அந்த நெட்வொர்க் பொதுவாக அதில் சேராது. கப்பலில் கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று மோடை எடுத்தால் போன் பிடிப்பது கரைக் கோபுரத்தை அல்லாமல் கப்பலின் சொந்த ஆன்டெனாவையாக இருக்கலாம்.

முதல் நாள்: இறங்கியதும்

ஏர்பிளேன் மோடை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருப்பதுதான் முதல் வேலை. ஆகக் கடினமான வேலையும் அதுதான். ரோமிங் சிம் புது நாட்டில் முதலில் ஏதோ ஒரு நெட்வொர்க்கின் கதவைத் தட்டும். சிம் கொடுத்த நிறுவனத்துக்கு வேறொரு நெட்வொர்க்கோடு நல்ல ஒப்பந்தம் இருந்தால், அங்கே போ என்று திருப்பிவிடும். இப்படி இரண்டு மூன்று கதவு தட்டி முடிப்பதற்குள் போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஐந்து நிமிடம் கழித்தும் டேட்டா இல்லையா? அறிகுறியைப் பார்த்து இறங்க வேண்டும். ‘நோ சர்வீஸ்’ என்றால் பதிவே நடக்கவில்லை: செட்டிங்ஸில் அந்த சிம் (லைன்) ஆனில் இருக்கிறதா, போன் லாக் ஆனதா, வாங்கிய பேக்கில் இந்த நாடு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பிகள் இருந்தும் 4ஜி, 5ஜி எழுத்து இல்லையென்றால் பதிவு நடந்திருக்கிறது, டேட்டா வழி திறக்கவில்லை. இங்கே சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பேர்: ரோமிங் சுவிட்ச், ஏபிஎன். ஏபிஎன் என்பது டேட்டா எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்பதற்கான பெயர். இ-சிம் அனுப்பிய மெயிலில் ஒரே ஒரு சொல்லாக அது இருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்ட் கட்டங்களைக் காலியாக விட்டு அந்தச் சொல்லை மட்டும் எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். வார்த்தைக்குப் பின்னால் கீபோர்டு தானாகச் சேர்க்கும் ஒரு ஸ்பேஸ், முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குவது, இந்த இரண்டே போதும் காரியம் கெட.

4ஜி எழுத்தும் இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ‘ஆட்டோமேட்டிக்’கை ஆஃப் செய்தால் ஓரிரண்டு நிமிடத்தில் பட்டியல் வரும், மெயிலில் சொல்லியிருக்கும் நெட்வொர்க் பெயரைத் தொடுங்கள். ஒருமுறை மறுக்கப்பட்ட நெட்வொர்க்கைத் தடைப்பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் சிம்முக்கு உண்டு, தானாக மறுபடி அதன் பக்கம் போகாது. கையால் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பட்டியலை மீறி இன்னொரு முறை கதவைத் தட்டும்.

தட்டில் பிளாஸ்டிக் சிம்மை மாற்றுபவர்களுக்கு: நானோ சிம்மின் அளவு 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர், விமான இருக்கையின் இடுக்கில் விழுந்தால் கிடைக்காது. ஊர் சிம்மை சிறு டேப் துண்டில் ஒட்டி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். சிம்முக்கு ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண் போட்டிருந்தால் அது நினைவில் இருக்கட்டும். மூன்று முறை தவறினால் ‘பக்’ (PUK) என்ற 8 இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும்.

இரண்டாம் நாள்: இருப்பது இங்கே, இணையத்துக்குத் தெரிவது அங்கே

தேடலில் வேறு மொழி வருகிறது, ஏதோ ஒரு நாட்டு விளம்பரம் ஓடுகிறது, வங்கி ஆப் ‘சந்தேகத்துக்குரிய இடம்’ என்கிறது. பழுது ஒன்றுமில்லை. ரோமிங்கில் உள்ளூர்க் கோபுரம் வெறும் ஆன்டெனா. டேட்டா அங்கிருந்து பெரும்பாலும் குழாய் போட்டதுபோல சிம் கொடுத்த நிறுவனத்தின் நாட்டுக்குப் போய், அங்கேதான் இணையத்துக்குள் இறங்குகிறது. ஹாங்காங் நிறுவனத்தின் சிம் என்றால், நிற்பது எங்கே ஆனாலும் இணையத்துக்கு நீங்கள் ஹாங்காங்கில் இருக்கிறீர்கள்.

இதற்கு விலை நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வாசல் 10,000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் போய்வர மட்டும் 100 மில்லி நொடி. ஸ்பீட் டெஸ்டில் வேகம் நன்றாக இருந்தும் பக்கங்கள் சோம்பலாகத் திறப்பது இதனால்தான். உள்ளூர் சிம்மில் இந்தத் தாமதம் இல்லை.

லாபமும் உண்டு. சீனாவில் உள்ளூர் சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் கூகுள், வாட்ஸ்அப் ஓடாது. வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் ஓடும், டேட்டா நாட்டுக்கு வெளியே போய் இறங்குவதால். சீனா போகிறவர்கள் ‘மலிவு’ என்று உள்ளூர் சிம்மை மட்டும் நம்பிப் போவது தவறு.

மூன்றாம் நாள்: ஓடிபி

எஸ்எம்எஸ் வாங்க டேட்டா தேவையில்லை. ஊர் சிம்மின் டேட்டா ரோமிங் ஆஃபில் இருந்தாலும் ஓடிபி வரும், லைன் ஆனில் இருந்து ஏதாவது ஒரு நெட்வொர்க்கில் பதிந்திருந்தால் போதும். வரவில்லையென்றால் முதல் சந்தேகம் ரோமிங் சேவை. இரண்டாவது கொஞ்சம் ஆழமானது: பழைய 3ஜி நெட்வொர்க்குகள் பல நாடுகளில் மூடப்பட்டுவிட்டன. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் மூடின, ஆஸ்திரேலியாவில் 2024-இல் மூடினார்கள். அங்கெல்லாம் பேசுவதற்கு 4ஜி வழி அழைப்பு, அதாவது வோல்ட்டி, வேண்டும். ஊர் நிறுவனத்துக்கு அந்த நாட்டோடு வோல்ட்டி ரோமிங் ஒப்பந்தம் இல்லையென்றால் அழைப்பு வராது, சில சமயம் எஸ்எம்எஸ்ஸும் தடுமாறும்.

அதற்கு ஒரு சுற்றுவழி: வைஃபை காலிங். ஊர் நிறுவனம் அனுமதித்தால், ஹோட்டல் வைஃபை வழியாகவே ஊர் சிம் பதிந்துகொள்ளும். சில போன்களில் பயண சிம்மின் டேட்டாவையே வைஃபைபோலப் பயன்படுத்தி ஊர் சிம் பதியும். சில நிறுவனங்கள் வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து வந்தால் மறுத்துவிடும். அந்த வசதியை முதலில் ஊரிலேயே ஆன் செய்திருக்க வேண்டும் என்பதால் இதுவும் கிளம்புமுன் உள்ள வாரத்து வேலைதான். வங்கி ஆப்பிலேயே ஓடிபி உருவாக்கும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுவது இன்னும் உத்தமம்.

வாட்ஸ்அப் புது சிம்மைப் பார்த்ததும் நம்பரை மாற்றவா என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊர் நம்பரிலேயே, பயண டேட்டாவில், அது பாட்டுக்கு ஓடும். ஐபோனில் ஐமெசேஜுக்கு எந்த நம்பர் என்று கேட்டாலும் இதே பதில். புது நம்பரை அங்கே பதியவிட்டால் சரிபார்க்க வெளிநாட்டு எஸ்எம்எஸ் ஒன்றும் போகும்.

நான்காம் நாள்: எல்லை தாண்டும் ரயில்

முதல் நாள் கையால் நெட்வொர்க் தேர்ந்தெடுத்தது நினைவிருக்கிறதா? அதை ‘ஆட்டோமேட்டிக்’குக்குத் திருப்பாமல் எல்லை தாண்டினால் போன் பழைய நாட்டு நெட்வொர்க்கையே தேடிக்கொண்டு ‘நோ சர்வீஸ்’ காட்டும். அடுத்த நாட்டில் சிம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் இதைப் பாருங்கள்.

ஐரோப்பாவில் இன்னொரு பொறி. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனும் இந்த ஏற்பாட்டில் உண்டு. நடுவில் இருக்கும் சுவிட்சர்லாந்து இல்லை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரம் எல்லைக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. தெருவின் இந்தப் பக்கம் நிற்கும்போதே சுவிஸ் கோபுரம் போனைப் பிடிக்கலாம். ஒன்றியத்து நாடு ஒன்றின் சிம்மை வாங்கியவர்கள் இப்படிப்பட்ட ஊர்களில் மட்டும் நெட்வொர்க்கைக் கையால் பூட்டி வைப்பது நல்லது. பயண இ-சிம்மில் பில் ஏறாது, பேக்கில் சுவிட்சர்லாந்து இல்லையென்றால் டேட்டா நிற்கும், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்: டேட்டா எங்கே போகிறது

வரைபடமும் செய்தியும் டேட்டாவைத் தின்பதில்லை. தின்பது பின்னணியில் ஓடும் போட்டோ பேக்கப். ஐபோனில் 4கே வீடியோ நொடிக்கு 60 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி அளவில் வரும். பத்து நிமிட வீடியோ கிளவுட் எனும் இணையச் சேமிப்புக்கு ஏறினால் 4 ஜிபி காலி. போட்டோ ஆப்பில் மொபைல் டேட்டா வழி பேக்கப்பை ஆஃப் செய்யுங்கள். ஆப் அப்டேட்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். ஐபோனில் லோ டேட்டா மோடு, ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர், இந்த இரண்டும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மனக்கணக்குக்கு ஒரு எண்: 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1 மெகாபிட், 8 பிட் ஒரு பைட்) ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. வீடியோ காலில் போவதும் வருவதும் இரண்டுமே கணக்கு, அதனால் இரு பக்கமும் 1 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 900 எம்பி.

‘அன்லிமிடெட்’ என்று விற்பதில் சின்ன எழுத்தைப் படியுங்கள். நாளுக்கு இத்தனை ஜிபி, அதற்கு மேல் 128 கேபிபிஎஸ் என்று இருக்கும். அதாவது நொடிக்கு 16 கிலோபைட், நிமிடத்துக்கு ஒரு எம்பி-யைத் தொடாது. 4 எம்பி புகைப்படம் ஒன்று போக நாலு நிமிடத்துக்கு மேல். செய்தி அனுப்பலாம், வரைபடம் பொறுமையைச் சோதிக்கும், கார் அழைக்கும் ஆப் பாதியில் தொங்கும்.

அந்த ‘நாள்’ எப்போது முடிகிறது என்பதும் ஒரு கேள்வி. சிலவற்றில் யூடிசி, அதாவது உலகப் பொது நேரப்படி நள்ளிரவு, டோக்கியோவில் இருந்தால் அது காலை 9 மணி. ஊர் நிறுவனத்தின் தினசரி ரோமிங் பேக் ஊர் நேரப்படி ஓடினால், ஊரில் இரவு 11 மணியாக இருக்கும்போது இறங்கி டேட்டாவைத் தொட்டவருக்கு, நள்ளிரவு கடந்ததும் இரண்டாம் நாள் கட்டணம்.

லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்கள் விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவாகச் செலவிட வேண்டியது) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை கிடைத்தது என்று நினைத்து அப்டேட் முழுவதையும் இறக்கும். ஐபோனில் ஹாட்ஸ்பாட் பொத்தானே காணவில்லையென்றால் ஏபிஎன் பக்கத்தின் கீழே ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாக ஒரு கட்டம் காலியாக இருக்கும், மேலே இருக்கும் அதே சொல்லை அதிலும் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஏழாம் நாள்: ஹோட்டல் வைஃபை

இணைந்தது, ஆனால் லாகின் பக்கம் வரவில்லை. ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸில் ஏதாவது சர்வர் பெயர் போட்டிருந்தால் அதுதான் காரணம். விபிஎன் ஆனில் இருந்தாலும் இதே கதை. இரண்டையும் ஆஃப் செய்து, லாகின் ஆனதும் திரும்ப ஆன் செய்யுங்கள். சில இடங்களில் உள்ளூர் நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் வைஃபை திறப்பார்கள். டேட்டா மட்டும் உள்ள இ-சிம்மில் நம்பரே இல்லை. உள்ளூர் சிம்மின் அருமை என்று சொன்னது இதைத்தான். டாக்சி, டெலிவரி ஆப் பலவற்றுக்கும் இதே நிபந்தனை.

எட்டாம் நாள்: மலைப் பக்கம்

சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. முதலில் இடம் கண்டுபிடிக்க மட்டும் தாமதமாகும், டேட்டா இருந்தால் போன் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உதவித் தகவலை வானத்திலிருந்தே பொறுக்க வேண்டியிருப்பதால். திறந்த வெளியில் போனை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். கூகுள் மேப்ஸில் பகுதியை இறக்கி வைத்திருந்தாலும் ஆஃப்லைனில் கார் வழி மட்டுமே சொல்லும், நடை வழியும் பஸ் வழியும் வராது. நடப்பவர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஆஃப்லைன் ஆப் ஒன்றைக் கூடவே இறக்கிக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு ஆப்பில் அந்த நாட்டு மொழிக் கோப்பையும் அப்படியே.

திரும்பும் நாள்

ஊரில் இறங்கியதும் டேட்டாவை ஊர் சிம்முக்கு மாற்றுங்கள், பயண லைனை ஆஃப் செய்யுங்கள். அழிப்பதற்கு அவசரம் இல்லை: பல பயண இ-சிம்களில் அடுத்த பயணத்துக்கு அதே சிம்மிலேயே ரீசார்ஜ் செய்யலாம், க்யூஆர் தொல்லை மறுபடி இல்லை. ##002# போட்டு ரத்து செய்த வாய்ஸ்மெயில் தானாகத் திரும்பி வராது, ஊர் நிறுவனத்திடம் சொல்லித்தான் ஆன் செய்ய வேண்டும். ஐபோனில் ஏபிஎன்னுக்காக ஒரு ‘ப்ரொஃபைல்’ இறக்கச் சொல்லியிருந்தார்கள் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ போய் அதை நீக்குங்கள். அது இருக்கும்வரை ஊர் சிம்மில் கம்பிகள் நிறைந்து நின்றும் டேட்டா ஓடாமல் போகலாம்.